கூடத்துப் புதுத் தரை

தவமணி அம்மாளிடம் தியானம் கற்க வந்து அவர் வீட்டிலேயே தங்கிவிட்ட நான்கு பேரில் கோமதிநாயகம்தான் மூத்தவர். அம்மாளுக்கு நாற்பது வயது. அவருக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் பாலங்கள் கட்டிய பொறியாளர்.

தென்காசிக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீடு மிகப் பழையது. தரைக்கடியில் ஓடிய இரும்புக் குழாய் துருவேறி அடைத்துக்கொண்டபோது, வெளியாள் யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். கூடத்தைத் தோண்டி, பழைய குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் பதித்து, மேலே டைல் ஒட்டினார். ஒன்பது நாள் வேலை. ஒரு டைல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வந்தவர்களெல்லாம் குனிந்து தடவிப் பார்த்தார்கள்.

மறுவாரம் சமையலறைத் தரையில் ஈரம் கண்டது.

அவர் அந்த இடத்தை உடைத்தார். ஈர மண் இருந்தது, கசிவு இல்லை. பூசிவிட்டு நடைபாதையை உடைத்தார். அங்கும் இல்லை. பின்கட்டில் இரண்டு இடங்களில் உடைத்தார். பூசிய இடமெல்லாம் மறுநாளே மறுபடியும் கறுத்தது. மலைப்பக்கத்து மழைத் தண்ணீர் தரைக்கடியில் ஊறுகிறது, வேறொன்றும் இல்லை என்றார். மழை பெய்து இருபது நாள் ஆகியிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

கூடத்தை ஒட்டிய அறையில் வீரபாகு படுத்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, புரளக்கூட ஆள் வேண்டும். அவரும் சீடர்தான். சுவருக்குள் தண்ணீர் சத்தம் கேட்கிறது என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

“மாத்திரை மயக்கம், வீரபாகு. தூங்குங்க,” என்றார் கோமதிநாயகம்.

ஈரம் கண்ட நான்காம் நாள் காலை அந்த அறைச் சுவரிலிருந்து கட்டிலின் தலைமாட்டில் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே மண் வைத்துக் கட்டிய சுவர், களியாகக் குழைந்திருந்தது. மேலே உத்தரம் வரை விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஓடி வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கட்டி நழுவி, தலையணை ஓரத்தில் விழுந்தது.

தவமணி அம்மாள் ஓடிப்போய்த் தொட்டியின் வால்வை மூடினார். அவரும் மற்ற மூன்று சீடர்களுமாகக் கட்டிலைத் தூக்கினார்கள். வாசற்படியில் கட்டில் சாய்ந்தபோது வீரபாகு பல்லைக் கடித்துக்கொண்டார். வாய்விட்டுக் கத்தியிருந்தால் கோமதிநாயகத்துக்குப் பரவாயில்லை என்றிருக்கும். வேப்ப மரத்தடியில் இறக்கி வைத்ததும் வீரபாகு கண்ணை மூடிக்கொண்டு, நன்றி என்றார்.

கோமதிநாயகம் உள்ளே வந்து அம்மாளிடம் கேட்டார்.

“இத்தனை இடத்துல தேடிட்டேன். ஏன் அம்மா எனக்கு அகப்படலை?”

அம்மாள் சுவரோரம் கிடந்த சுத்தியலையும் உளியையும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

“இனி உடைக்க இடம் ஏது?” என்றார் அவர்.

அம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை.

“கூடம் புதுசு. என் கையால போட்டது. அதுல கோளாறு வர வழியே இல்லை.”

“சரி.”

கை அப்படியே இருந்தது. வெளியே வீரபாகு முனகுவது கேட்டது. கோமதிநாயகம் சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

கூடத்தில் எங்கே உடைப்பது என்று அவர் தேடவில்லை. நேராகக் கிழக்கு ஓரத்து மூலைக்குப் போய் மண்டியிட்டார். முதல் அடியில் டைல் உடைந்தது. இரண்டாவது டைலைப் பெயர்த்ததும் அடியில் மணல் சேறாக இருந்தது. கையால் வழித்து எறிந்தார். குழாய் திரும்பும் முட்டில், வால்வை மூடிய பிறகும், மிச்சத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சொட்டை விரலில் ஏந்தினார்.

“குழாய் பதிச்ச அன்னைக்கு, ஒட்டின பசை காயறதுக்குள்ள தண்ணியைத் திறந்து பார்த்தேன்,” என்றார். “இதே இடத்துல ஒரு சொட்டு நின்னுது. விரலால துடைச்சேன். மறுபடி வருதான்னு பார்க்கலை. மண்ணைத் தள்ளி மூடிட்டேன்.”

அம்மாள் அவருக்கு எதிரே சேற்றிலேயே உட்கார்ந்தார்.

கோமதிநாயகத்துக்குத் திடீரென்று கோபம் வந்தது. “இங்கதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் வேடிக்கை பார்த்தீங்களா? சுவர் அவர் மேல விழுந்திருந்தா?”

“சுவர் அப்படி ஊறியிருக்கும்னு எனக்குத் தெரியலை. அது என் தப்பு. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கப் போறேன்.”

“குழாய்? அது தெரியும்தானே?”

“குழாயைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஐயா,” என்றார் அம்மாள். “டைல் ஒட்டின நாள்லேருந்து நீங்க இந்த மூலையில மட்டும் கால் வைக்காம சுத்திப் போனீங்க. அதைத்தான் பார்த்தேன்.”