விகடன் கழுத்தில் தொங்கிய ஓலை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பொழுது போகவில்லை என்றால் ஊருக்கே ஆபத்து என்றிருந்த காலத்தில், ஒரு மகாராஜாவுக்குக் கப்பல் வியாபாரி ஒருவன் எந்திரப் பாவை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆளுயரப் பித்தளைப் பாவை. நடக்கும், பேசும், எழுத்து வாசிக்கும், சொன்ன வேலையைச் செய்யும். உலகம் மட்டும் தெரியாது. ஒரு சாமானில் கட்டிய ஓலையில் என்ன எழுதியிருக்கிறதோ, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“எனக்கு உதவுகிற எதுவும் இந்த அரண்மனையில் ஓலை இல்லாமல் இருக்கக் கூடாது” என்று கட்டளையிட்ட மகாராஜா, எழுதும் வேலையை விகடன் பொன்னுரங்கனிடம் ஒப்படைத்தார்.

பொன்னுரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. சுருங்கச் சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. விசிறியில் ‘காற்று வரும்’ என்று எழுதினான். அடடா, என்ன சுருக்கம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். கொல்லன் துருத்தியிலும் ‘காற்று வரும்’ என்றே எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

மறுநாள் பாயசம் சாப்பிடும்போது மகாராஜா, “புழுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் காற்று” என்றார். பாவை துருத்தியோடு வந்து ஒரே அமுக்கு அமுக்கியது. பாயசம் மகாராஜாவின் மீசையிலும் கிரீடத்திலும் வழிந்தது. முந்திரி ஒன்று பறந்துபோய் மகாராணியின் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

“துருத்தி எது, விசிறி எது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே, மகாராஜா!” என்று பொன்னுரங்கன் குழறினான்.

“பாவைக்குத் தெரியாதே! நாளைச் சபையில் இது மறுபடி தவறு செய்தால், நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது.”

விகடனைக் கண்டாலே ஆகாத ஆஸ்தானக் கவிராயர் நாகலிங்கத்துக்கு அந்தப் பாயசத்தைத் தானே குடித்த மாதிரி இருந்தது. “அரசே, தங்கள் வாளுக்காவது அடியேன் எழுதுகிறேன். அதையும் இந்தக் கோமாளி கையில் விடலாமா?” என்று கேட்டு, எழுதி, ராஜ முத்திரையும் வாங்கிவிட்டார்.

பொன்னுரங்கன் பண்டகசாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினான். பித்தளை மண்டையோடு இன்றைக்குத்தான் பிறந்தவனாகத் தன்னை நினைத்துக்கொண்டான். அது ஒன்றும் அவனுக்குக் கஷ்டமாக இல்லை. விசிறியில், ‘ராஜாவுக்குப் புழுங்கினால் எடு. எட்ட நின்று மெதுவாக வீசு’ என்று எழுதினான். துருத்தியில், ‘உலைக்கு மட்டும். மனிதர் பக்கம் திருப்பாதே. பாயசம் பக்கம் திருப்பவே திருப்பாதே.’ சுக்குப் பற்றுக் கிண்ணத்தில், ‘ராஜாவுக்குத் தலை வலித்தால் நெற்றியில் பூசு. வலி தீரும்.’

பிறகு வாளின் ஓலையைப் பார்த்தான். ‘வேந்தரின் வேதனை யாவையும் வீச்சொன்றில் தீர்க்கும் வீரவாள்.’ பாவை இதையும் அப்படியே வாசிக்குமே! முத்திரை போட்ட ஓலையைத் தொட முடியாது. வாயைத் திறந்தால் பொறாமை என்பார்கள். வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, இன்னும் ஓர் ஓலை எழுதினான்.

மறுநாள் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போய்ப் பண்டகசாலை வாசலில் நின்றான். பாவை வந்து அதையும் வாசித்துக்கொண்டது. அப்படியே சபைக்குப் போனான்.

“கழுத்தில் ஓலையா! சபைக்கே அவமானம், அரசே!” என்று கவிராயர் குதித்தார்.

“உதவுகிற எதுவும் ஓலை இல்லாமல் இருக்கக் கூடாது என்பது மகாராஜாவின் கட்டளை. அடியேன் உதவுகிறவன்தானா என்பது சந்தேகம்தான். அதற்காகக் கட்டளையை மீறலாமா?” என்றான் பொன்னுரங்கன்.

“உங்கள் சண்டையில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. பாவையே, இதைத் தீர்த்து வை!” என்றார் மகாராஜா.

பாவை போனது. திரும்பி வரும்போது வலக்கையில் உருவிய வாள், இடக்கையில் கிண்ணம். மகாராஜா சிங்காசனத்துக்குப் பின்னால் ஒளிந்தார். ஐயோ, இதையாவது ஒழுங்காக எழுதினேனா என்று பொன்னுரங்கன் தன் கழுத்து ஓலையைக் குனிந்து பார்த்தான்.

பாவை மகாராஜாவைத் தாண்டி நேரே அவனிடம் வந்தது. “இரண்டு ஓலையும் வலி தீரும் என்கின்றன. எதை?”

“கிண்ணத்தை, தாயே, கிண்ணத்தை!”

நெற்றியில் பற்றோடு சிங்காசனத்தில் ஏறி உட்கார்ந்த மகாராஜா, பொன்னுரங்கன் கழுத்து ஓலையைப் பிடுங்கி உரக்க வாசித்தார்: ‘இது பொன்னுரங்கன். ராஜாவைச் சிரிக்க வைக்கும், சில நாள். சண்டைக்கும் ரகசியத்துக்கும் ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடாதே, வராது. ஒரே வேலைக்கு இரண்டு சாமான் கிடைத்தால், இரண்டையும் பயன்படுத்தாமல் இதனிடம் கொண்டுவந்து கேள். பாயச விஷயத்தில் ஏற்கெனவே பட்டிருக்கிறது.’

மகாராஜா வாளின் ஓலையையும் வாசித்து, அதை அறுத்தெறிந்தார். பிறகு கவிராயரைப் பார்த்தார். “கவிராயரே, நீரும் உமக்கு ஓர் ஓலை எழுதும். எதற்கு ஆவீர் என்பது வேண்டாம். எதற்கு ஆகமாட்டீர் என்று மட்டும் எழுதும். பொன்னுரங்கா, எனக்கும் ஓர் ஓலை சொல், பார்ப்போம்.”

“சொன்னால் தலை தப்புமா?”

“தப்பும்.”

“இது மகாராஜா. கட்டளையில் பாதியைச் சொல்லும். மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.”

மகாராஜா பற்று உதிரச் சிரித்தார். கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கனுக்குப் போட்டார். அவன் வணங்கிவிட்டு, அவசர அவசரமாக அதில் ஓர் ஓலையைக் கட்டினான்.

“அது என்ன?” என்றார் மகாராஜா.

“‘இது பொன்னுரங்கனின் மாலை. ராஜாவின் மனம் மாறினாலும் திரும்பி வராது.’ பாவைக்குத் தெரிய வேண்டாமா, மகாராஜா?”

மகாராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து மறுபடியும் தலைவலி வந்துவிட்டது. இந்த முறை பாவை யாரையும் கேட்காமல் கிண்ணத்தை மட்டும் எடுத்து வந்தது.