கரையில் இரண்டு குவியல்

"மீன் வந்தா, ரிக்கால சேதமில்லன்னு எழுதிடலாம். வரலன்னா, இங்க தொழிலே இல்லன்னு எழுதிடலாம். எப்படியும் சாப்பாட்டுக்குள்ள கிளம்பிடலாம் சார்."

ஜீப்புக்கு மறுபக்கம் நின்று ஓர் அதிகாரி கைப்பேசியில் சொன்னது, கூடையோடு அந்த வழியாக வந்த பூங்காவனத்தின் காதில் விழுந்தது.

மணல்குடிக் கரையில் மீன் ஏலம் விடுகிறவள் அவள். ஊருக்கு எதிரே கடலுக்குள் எண்ணெய் தோண்டும் ரிக் வந்ததிலிருந்து, ஊரார் வலை போடும் பெரியபார் என்ற கடலடிப் பாறைத் திட்டில் மீன் அற்றுப்போனது. இரண்டாவது கிணறும் தோண்டலாமா என்று பார்க்க அரசு ஒரு குழுவை அனுப்பியிருந்தது. இதற்கு முன் வந்த குழுக்கள் டீ குடித்துவிட்டு, நாட்டுக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயின. "அப்ப நாங்க எந்த நாடு?" என்று படகுக்காரர் கலியன் கேட்டதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

இரவெல்லாம் எரியும் விளக்குக்கும் இரும்புக் கால்களின் நிழலுக்கும் மீன்கள் ரிக்கடியில் அடைகின்றன என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் படகு அங்கே போகக் கூடாது. போனால் பறிமுதல். ஊரும் அதே கட்டுப்பாட்டைப் போட்டிருந்தது.

அன்று காலை இரண்டு படகுகள் கரையேறின. பெரியபாருக்குப் போன கலியன் காரப்பொடி என்னும் சின்ன மீன் ஒரு கூடை கொட்டினார். பூங்காவனத்தின் தம்பி தேவேந்திரன் படகிலிருந்து கொழுத்த பாரை மீன் மலையாகச் சரிந்தது. எங்கே பிடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

"கெடுத்தியேடா!" என்றார் ஊர்த் தலைவர் சிங்காரம். "அவனுங்க வர்றதுக்குள்ள கடல்ல கொட்டு."

"கொட்டுறேன் மாமா. என்கூட வந்த நாலு பேரு வூட்டு உலையில நீங்க என்னத்தப் போடுவீங்க?"

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, எடத்தச் சொல்லாம வித்துடு. உன் கால்ல விழறேன்."

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. விலை கேட்கும் முன் படகுக்காரர் பெயரையும் வலை போட்ட இடத்தையும் ஏலக்காரி கூவ வேண்டும். சேற்றுத் தரையில் பிடித்த மீனைப் பாரில் பிடித்த மீன் என்று யாரும் விற்றுவிடக் கூடாது அல்லவா! பூங்காவனம் ஒருநாளும் இடத்தை மறைத்ததில்லை. வியாபாரிகள் அவள் வாயை நம்பித்தான் வாங்கினார்கள்.

குழு மணலில் இறங்கி வந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் பேசியவர்தான் முன்னால் வந்தார்.

மீனைக் கொட்டினால் தொழிலே இல்லை என்பார்கள். இடம் சொல்லாமல் விற்றால் சேதமில்லை என்பார்கள். இடத்தைச் சொன்னால் தம்பியின் படகு போய்விடும். கொட்டச் சொன்ன தலைவர், மறைக்கச் சொன்ன தம்பி, கூவச் சொல்லும் வழக்கம்: பூங்காவனம் இதில் யார் பேச்சைக் கேட்பது சரி?

விடை:

எந்தக் குவியலைத் தனியாகப் பார்த்தாலும் அதிகாரிக்குத்தான் சாதகம். பூங்காவனம் கலியனின் காரப்பொடியை வாரி, தம்பியின் குவியலுக்குப் பக்கத்தில் கொட்டினாள். "கலியன் படகு, பெரியபார், ஒரு கூடை!" என்று கூவினாள். "தேவேந்திரன் படகு, ரிக் காலடி, படகு நெறைய!" பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். "எங்க மீனு நாங்க போகக் கூடாத எடத்துக்குப் போயிடுச்சு சார். ரெண்டையும் சேத்து எழுதுங்க."

"அப்போ இவன் சட்டத்தை மீறியிருக்கான்," என்றார் அவர்.

தேவேந்திரன் அக்காவைப் பார்த்தான். படகின் கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியை அதிகாரியின் கையில் வைத்தான். "பறிமுதல் சீட்டுல மீன் புடிச்ச எடத்தையும் எழுதுங்க சார்," என்றான்.