மீசைக்குக் கீழே ஊதிய விசில்

அறிவாளிகள் கூடிக் கெடுத்த ஊர்கள் நிறைய உண்டு. சொன்ன பேச்சைக் கேட்டே கெட்ட இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது மேல்பாறை எஸ்டேட்.

மேல்பாறைக் கால்பந்துக் குழுவுக்கு மாஸ்டர் தவசிமுத்து. பகலில் தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுவார். சாயங்காலம் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். அவர் சம்பாதித்து வைத்திருந்த சொத்து மீசை ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷத்து மீசை; இடது பக்கம் மட்டும் இரண்டு நரை. அதற்கு எண்ணெய் போட்டு மிச்சம் இருந்தால்தான் தலைக்கு.

போன வருஷம் கீழ்ப்பாறை எஸ்டேட்டுடன் ஆடி, மேல்பாறை பதினான்கு கோல் வாங்கியது. கீழ்ப்பாறைக்கு மாஸ்டர் குருவையா. தவசிமுத்துவின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஒரு காதுகுத்து விருந்தில், பந்தி முழுக்கக் கேட்கும்படி அவர் விசாரித்தார்.

“ஏன் மாப்ளே, உங்க கோல் போஸ்ட்டுக்குக் கதவே கிடையாதா?”

தவசிமுத்துவுக்கு மீசை துடித்தது. “இந்த வருஷம் ஒரு கோல் போட்டுக் காட்டுங்க மச்சான். ஒண்ணே ஒண்ணு. அந்த இடத்துலயே மீசையை எடுத்துடறேன்.”

“சலூன்காரரை நானே கூட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, குருவையா ரசத்துக்குக் குழி பறித்தார்.

வீட்டுக்கு வந்து தவசிமுத்து யோசித்தார். பழைய பின்வரிசையில் நின்றவர்கள் மூவரும் கெட்டிக்காரர்கள். ஆளுக்கொரு திட்டம் வைத்திருந்தார்கள். மூன்று திட்டத்துக்கும் நடுவில் பதினான்கு முறை பந்து போய்விட்டது. இனிமேல் மூளை வேண்டாம், கீழ்ப்படிதல் போதும் என்று முடிவு செய்தார். எஸ்டேட்டில் அதற்குப் பேர்போனவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

முதல் ஆள் எட்டியப்பன். ஒருமுறை மேஸ்திரி அவனிடம், “நான் வர்ற வரைக்கும் இந்த மூட்டையைப் பார்த்துக்க” என்று சொல்லிவிட்டுப் போய்க் காய்ச்சலில் படுத்துவிட்டார். நாலு நாள் பார்த்தான். மூட்டையை லாரியில் ஏற்றினார்கள், அவனும் ஏறினான். கோயம்புத்தூர் போய்த்தான் இறங்கினான்.

இரண்டாவது சூசை. “மழை விட்டதும் வேலைக்கு வா” என்று சொல்லி அனுப்பினார்கள். ஆடியில் போனவன் ஐப்பசியில் வந்தான். மூன்றாவது மாடசாமி. அவனுக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. இவர்கள் இருவரும் செய்வதைச் செய்வான்.

முதல் நாள் மாஸ்டர் சொன்னார்: “காலுக்குப் பந்து வந்தா யோசிக்கவே கூடாது. ஓங்கி வெளியே உதைச்சிடணும்.”

அன்று புதுப் பந்து கொடுப்பதற்கு எஸ்டேட் மேனேஜரே வந்திருந்தார். நாலு நல்ல வார்த்தை பேசி, பந்தை மெதுவாக எட்டியப்பன் பக்கம் உருட்டிவிட்டார். பந்து பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனது. இப்படி ஐந்து பந்து போன பிறகு மாஸ்டர் பாடத்தை மாற்றினார்.

“பந்தை விடுங்கடா. ஆளைப் பாருங்க. ஆளுக்கு ஒரு ஃபார்வர்டு. அவன் எங்க போனாலும் நீயும் போ. அவன் மேலயே கண்ணா இரு. தொட்டா ஃபவுல், அதனால ஒரு சாண் தள்ளி நில்லு. நான் விசில் அடிச்சாத்தான் விடணும்.”

அந்த நேரம் பார்த்து ரோட்டில் பஸ் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். மூவரும் ஆட்களை விட்டுவிட்டு நின்றார்கள்.

“ஏண்டா விட்டீங்க?”

“விசில் அடிச்சுது மாஸ்டர்.”

“அது பஸ்ஸுடா!”

மூவரும் வட்டமாக உட்கார்ந்து இதை ஆலோசித்தார்கள்.

“எல்லா விசிலும் ஒரே மாதிரிதான் கேக்குது. மாஸ்டர் விசிலை எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றான் எட்டியப்பன்.

“முகத்தைப் பார்க்கணும்” என்றான் சூசை.

“தூரத்துல எல்லா முகமும் ஒண்ணுதான்.”

“அதானே” என்றான் மாடசாமி.

தவசிமுத்து மீசையை முறுக்கிக் காட்டினார். “இதைப் பார்த்தீங்களா? இது தூரத்துலயும் தெரியும். இந்த மீசைக்குக் கீழே இருந்து வந்தாத்தான் விசில். மத்ததெல்லாம் வெறுங்காத்து. ரெஃபரி ஊதினாலும் சரி, அந்த ஆண்டவனே ஊதினாலும் சரி.”

மூவரும் மீசையை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். எட்டியப்பன் கிட்டப் போய் நரையை எண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பாறை மைதானத்தில் ஆட்டம். குருவையா சொன்னபடி சலூன்காரரை அழைத்து வந்திருந்தார். நாற்காலி, சோப்புக் கிண்ணம், துண்டு எல்லாம் கோட்டுக்கு வெளியே தயார்.

ஆட்டம் தொடங்கியது. கீழ்ப்பாறையின் மூன்று ஃபார்வர்டுகளால் திரும்ப முடியவில்லை. எங்கே திரும்பினாலும் ஒரு சாணில் ஒரு மூஞ்சி. முக்கியமான ஃபார்வர்டு தங்கப்பாண்டிக்கு மறுநாள் கல்யாணம். அவன் ஷூ கயிறு கட்டக் குனிந்தான், எட்டியப்பனும் குனிந்தான். தண்ணீர் குடிக்கப் போனான். இவன் சாண் போட்டு அளந்துகொண்டு பக்கத்தில் நின்றான். எண்பது நிமிஷம் ஒரு கோலும் இல்லை. தவசிமுத்துவின் மீசை இரண்டு பக்கமும் மேலே ஏறிக்கொண்டே போனது.

அப்போது பனிமூட்டம் இறங்கியது. குருவையா தன் பின்வரிசையிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டு, பந்தை அவன் காலுக்குத் தள்ளிவிடச் சொல்லி, “நீ நேரா நடந்து போ” என்றார். அவன் வந்தான். மேல்பாறைப் பின்வரிசை அவனைக் கவனித்தது.

“டேய் சூசை, பந்தோட ஒருத்தன் வர்றான். உன் ஆளா?”

“என் ஆள் இதோ நிக்கிறான். மாடசாமி, உன்னோட ஆளா?”

“இல்லப்பா.”

“அப்ப யாரோட ஆள்?”

“யாரும் இல்லை போல. தனியா வர்றான், பாவம்.”

“வழியை விடுங்கடா. ஆதரவில்லாதவன்.”

கோல்கீப்பர் பழனியாண்டியிடம் மாஸ்டர் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று: பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே. பழனியாண்டி எடுக்கவில்லை. பந்து வருவதைப் பார்த்தான். காதோரம் போவதைப் பார்த்தான். திரும்பி நின்று, வலைக்குள் அது உருண்டு ஓய்வது வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்தான்.

சலூன்காரர் துண்டை உதறினார். பேச்சு பேச்சுதானே. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ரெஃபரி கடைசி விசில் ஊதியபோது, தவசிமுத்து வாயை மேல்துண்டால் மூடிக்கொண்டு பனிக்குள் மலையேறிக்கொண்டிருந்தார். தன் விசிலை ஊத வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

மறுநாள் காலை, கீழ்ப்பாறையிலிருந்து ஆள் ஓடி வந்தது. “மாஸ்டர், உடனே வாங்க. உங்க ஆளுங்க இன்னும் விடலை.”

தவசிமுத்து போய்ப் பார்த்தார். மணவறையில் இரண்டு பேருக்குத்தான் இடம். அதில் தங்கப்பாண்டியும் எட்டியப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் மாலையோடு ஓரமாக நின்றது. மற்ற இரண்டு ஃபார்வர்டுகளும் மாப்பிள்ளைத் தோழர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சாணில் சூசையும் மாடசாமியும்.

“ராத்திரி என் பாயில படுத்துட்டான் மாஸ்டர்” என்றான் தங்கப்பாண்டி, அழாத குறையாக.

“முகூர்த்தம் போகுதுய்யா!” என்று பெண்ணின் அப்பா கத்தினார்.

தவசிமுத்து விசிலை எடுத்து ஊதினார். எட்டியப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

“யாருங்க நீங்க?”

“டேய், நான்தாண்டா மாஸ்டர்!”

“எங்க மாஸ்டருக்கு மீசை இருக்கும்” என்றான் எட்டியப்பன். “யாரோ பஸ் கண்டக்டர் போலிருக்கு” என்றான் சூசை. “அதானே” என்றான் மாடசாமி.

கல்யாணப் பெண்ணுக்குத்தான் யோசனை வந்தது. தன் கண்மைச் சிமிழை எடுத்து நீட்டியது. குருவையாவே தன் கையால் தங்கை புருஷனுக்கு மீசை வரைந்தார். எட்டியப்பன் கிட்ட வந்து உற்றுப் பார்த்தான்.

“இடது பக்கம் ரெண்டு நரை இல்லையே.”

தாம்பூலத் தட்டிலிருந்து சுண்ணாம்பு தொட்டு இரண்டு கோடு போட்டார்கள். விசில் ஊதியதும் மூவரும் “வணக்கம் மாஸ்டர்!” என்று விலகினார்கள். பெண் மணையில் உட்கார்ந்தது. மேளக்காரர் கையைத் தூக்கினார்.

காரியம் முடிந்த பெருமையில், தவசிமுத்து இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் மீசையை முறுக்கினார்.

“டேய், மீசை கையோட வருதுடா! இவன் மாஸ்டர் இல்லை! ஏமாத்திட்டான்! அவனவன் ஆளைப் பிடிங்கடா!” என்று எட்டியப்பன் கத்தினான்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி எப்படியோ ஏறியது.

அந்தக் கல்யாண போட்டோ தங்கப்பாண்டி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் பெண். மறுபக்கம், சரியாக ஒரு சாண் தள்ளி, எட்டியப்பன். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவன் மட்டும் மாப்பிள்ளையைப் பார்க்கிறான்.

தவசிமுத்துவுக்கு மீசை வளர நாலு மாதம் ஆனது. அதுவரை மாமனார் வீட்டு விருந்தில் புது ஜோடிக்கு மூன்று இலை போட்டார்கள்.