சிவப்பிக்குக் கொடுக்காத மடல்

மழை பொய்த்து, ஊரே மாடுகளை விற்றுத் தீர்த்த வருஷம் அது. கரிசல்காட்டு மடத்தில் மட்டும் ஒரு பசு மிச்சம் இருந்தது. பெயர் சிவப்பி.

மடத்துக் குரு பேச்சியம்மை. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சீடன் சங்கிலி அவளைவிட மூத்தவன், மாட்டுத் தரகு பார்த்தவன். எத்தனையோ பசுக்களைக் கூசாமல் அடிமாட்டுக்குத் தள்ளிவிட்டவன், சிவப்பியை மட்டும் தர மாட்டேன் என்று நின்றான். மனுஷன் மனசை என்னவென்று சொல்ல?

வைக்கோல் தீர்ந்தபின் மடத்தைச் சுற்றி வேலியாக நின்ற சப்பாத்திக்கள்ளிதான் தீவனம். சங்கிலி மடல் மடலாக அறுத்து, தீயில் வாட்டி முள்ளைப் பொசுக்கி, துண்டு போட்டு ஊட்டினான். அறுக்கும்போதெல்லாம் பேச்சியம்மை நல்ல மடலாகப் பார்த்து ஒன்றை எடுத்துத் தாழ்வார நிழலில் வைத்துவிடுவாள். நடுவதற்காம். வெட்டுவாய் காயாமல் மண்ணில் வைத்தால் அழுகிவிடும் என்றாள்.

வேலி மொட்டையானது. சிவப்பி படுத்தவள் எழவில்லை. நிழலில் கிடக்கும் மடல்களையாவது கொடுங்கள் என்று சங்கிலி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பேச்சியம்மை மாட்டேன் என்றாள். கல்நெஞ்சக்காரி என்று அவன் வாய்க்குள் திட்டியது அவள் காதிலும் விழுந்தது.

மறுநாள் வெயில் ஏறுமுன் சிவப்பி போய்விட்டாள்.

குழி தோண்டும்போது பேச்சியம்மையும் கூட நின்று மண் அள்ளினாள். மூடி முடித்ததும் சங்கிலி கேட்டுவிட்டான்.

"தாயி, அந்த மடலக் குடுத்திருந்தா உசுரு நின்னிருக்குமா?"

"கொஞ்ச நாள் நின்னிருக்கும்."

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அழுது ஓயும்வரை இருந்துவிட்டு, அவள் மடல்களைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். வெட்டுவாய்கள் காய்ந்து தோல் கட்டியிருந்தன.

குழிமேட்டிலேயே நடலாமா என்று கேட்டான். வேண்டாம், பழைய வேலி நின்ற இடத்திலேயே நட்டால் போதும், தண்ணீரும் ஊற்ற வேண்டாம் என்றாள்.

சங்கிலி எழுந்திருக்கவில்லை.

"திங்கிற மாடே போயிட்டு. இனி இது யாருக்குத் தாயி?"

பேச்சியம்மை கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அடுத்த பஞ்சத்துக்கு, அண்ணாச்சி."