ரஸ்க் டப்பாவில் வயலின்

என்னை அவமானப்படுத்தியவன் டென்சிங். எங்கள் பாட்டுக் கச்சேரிக் குழுவின் தலைவன். வயலின், புல்லாங்குழல் சத்தங்களை லேப்டாப்பில் ஏற்றி, நான் கீபோர்டில் வாசிப்பேன். அவனும் கீபோர்டுதான்; ஆனால் அதற்கென்றே ஒரு தனி மெஷின் வாங்கிவிட்டான்.

"லேப்டாப்புல வர்றது சத்தம், மெஷின்ல வர்றதுதான் சங்கீதம். கோயில் கொடைக் கச்சேரிக்கு மெஷினோட வாரும். இல்லன்னா மேடை ஏறாதேயும் வே" என்றான், எல்லோர் முன்னாலும்.

மெஷினுக்கு நான் எங்கே போவேன்? சாத்தான்குளம் பேக்கரியில் பெரிய ரஸ்க் டப்பா ஒன்று வாங்கிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். லேப்டாப்பை உள்ளே வைத்து, ஓட்டை போட்டு வயரை வெளியே இழுத்தேன். மேலே சீரியல் பல்பு சுற்றினேன்.

கொடையன்று மைக் சரிபார்க்கும்போது வயலின் வாசித்தேன். டென்சிங் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுதாம்வே சங்கீதம். லேப்டாப்புல இது வருமா? எந்த நாட்டு மெஷின்?"

"சாத்தான்குளம்."

அவன் நம்பவில்லை. தபேலாக்காரரைக் கூப்பிட்டு, "வெளிநாட்டு வேலைப்பாட்டைப் பாரும்" என்று மூடியைத் திறந்தான். உள்ளே என் பழைய லேப்டாப், ஓரமெல்லாம் ரஸ்க் தூள். தபேலாக்காரர் சிரித்த சிரிப்பு மைக்கில் ஊருக்கே கேட்டது.

"உம்ம மெஷினுக்குள்ளயும் கம்ப்யூட்டர்தான் வே இருக்கு. ரஸ்க் தூள்தான் கிடையாது" என்றேன்.

அன்று மேடையில் நான்தான் வாசித்தேன். அடுத்த மாதம் அவன் மெஷின் ரிப்பேர். வெறும் லேப்டாப்போடு மேடை ஏறினால் மானம் போய்விடுமாம். என் டப்பாவை இரவல் வாங்கிப் போனான். இன்னும் தரவில்லை. கேட்டால், "சர்வீஸுக்குப் போயிருக்கு வே" என்கிறான்.