உபவாச நாளில் எழுந்த புகை

மழை பொய்த்த வருசம். மிஷன் குடியிருப்பில் வெள்ளைக்காரப் பாதிரியார் ஆல்டன் ஐயர் வைத்ததுதான் சட்டம். மழைக்காக ஊரே மூன்று நாள் உபவாசம் இருக்க வேண்டும் என்றார். மூன்றாம் நாளும் வானம் வெறிச்சென்று கிடந்தது.

"எவனோ அடுப்பு மூட்டி ஆண்டவரைக் கோபப்படுத்தியிருக்கிறான். பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டைக் காட்டு. இல்லையென்றால் உனக்கு இனி மிஷன் கஞ்சி கிடையாது" என்று கோயில் மணியடிக்கும் ஏசுவடியானிடம் எகிறினார்.

"காட்டுதேன் ஐயரே. மணிக்கூண்டுல ஏறி வாங்க, புகை தெரியும்."

மூச்சிரைக்க ஏறிய ஐயர் கூரை கூரையாகப் பார்த்தார். புளியமரங்களுக்குப் பின்னால் மட்டும் புகை சுருண்டு எழுந்தது.

"அதோ! அது எவன் வீடு?"

"உங்க பங்களா அடுக்களை, ஐயரே. சமையல்காரர் கோழி வறுக்காரு."

ஐயர் முகம் செத்துப்போனது. "மற்றவர்களாவது என் சொல்லைக் கேட்டார்களே" என்று முனகினார்.

"அங்கெல்லாம் ஆடியிலேயே அடுப்பு அணைஞ்சு போச்சு, ஐயரே. இருந்தது உங்க கஞ்சி ஒண்ணுதான். அதையும் மூணு நாளா நிறுத்திட்டீங்க."

அன்று சாயங்காலமே பங்களா அரிசி கஞ்சியானது. ஏசுவடியான் கஞ்சி மணி அடித்தான். கடைசி வரிசையில் இரண்டு வீடுகளிலிருந்து யாரும் சட்டியெடுத்து வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவன், அதே கையால் துக்க மணியை அடித்தான்.