ரொட்டி விழுங்கும் பன்றி

"இந்தப் பன்றி நான்தான். படத்தை ஜன்னலிலிருந்து எடு. இல்லையென்றால் வழக்குப் போட்டு உன்னைச் சிறையில் தள்ளுவேன்" என்றார் வாட்ஸ்கோம் பிரபு.

லண்டன் கடையொன்றில் கேலிச்சித்திரங்களுக்கு வண்ணம் தீட்டும் ஹன்னா நிமிர்ந்தாள். வெளியே, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் படம் பார்த்த கூட்டம் இப்போது அவரையும் பார்த்தது.

"ஊர் ரொட்டியையெல்லாம் விழுங்கும் பன்றி, பிரபு. பெயர் போடவில்லை. அது நீங்கள்தான் என்று நீதிமன்றத்தில் நீங்களே நிரூபிக்க வேண்டும். ஜூரிகள் படத்தை உங்கள் முகத்தருகே பிடித்துப் பார்ப்பார்கள்."

பிரபுவின் கன்னங்கள் சிவந்தன.

"இது நான் இல்லை."

"எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பிரபு."

அவர் வெளியேறியபோது கூட்டம் தொப்பியைக் கழற்றியது. முதலில் அவருக்கு, பிறகு படத்துக்கு.

ஹன்னா தூரிகையைச் சிவப்பில் தோய்த்து, அடுத்த பிரதியில் பன்றியின் கன்னங்களைத் தீட்டினாள்.